தொல்லுயிர் எச்சம் பாடத்துக்கு பிளாஸ்டர் சிப்பி மட்டும் போதுமா?

#1 ஐந்தாம்பீரியட்

அரியலூர் மாவட்டம், அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்பு. 45 பேர், 40 நிமிட பீரியட், நாலு பீரியட் ஒதுக்க முடியும். செலவு 1,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

களிமண்ணில் சிப்பியை அழுத்தி பிளாஸ்டர் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்த செயல்பாடு. பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அது முடிந்ததும் "தொல்லுயிர் எச்சம் எப்படி உருவாகுது?" என்று கேட்டால், "மண்ணுக்குள்ள மாவு மாதிரி ஏதோ போய் இறுகிடும்" என்று பதில் வருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

இரண்டாவது கேள்வி. ஒரு காலி அறையில் சின்னக் காட்சிக்கூடம் வைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் கொடுத்த கற்கள் ஒரு சாக்கு இருக்கின்றன. எங்கே எடுத்தது என்ற குறிப்பு எதற்கும் இல்லை. இதை வைத்து என்ன செய்யலாம்?

#2 கிளிஞ்சல்

டீச்சர், பிளாஸ்டர் சிப்பியைக் கைவிட வேண்டாம். அது காட்டுவது அச்சும் வார்ப்பும் என்ற ஒரே ஒரு வழியைத்தான். அதையே எல்லா எச்சத்துக்கும் பொதுவான கதையாகச் சொல்லிவிடுவதுதான் சிக்கல். ஓடு எங்கே போனது என்பதை அந்தச் செயல்பாடு காட்டுவதே இல்லை. சிப்பியை நாமே கையால் எடுத்துவிடுகிறோம்! பூமிக்குள் அதை எடுக்க ஆள் கிடையாது, கரைந்துதான் போகவேண்டும். அந்தக் கரைதலைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை: பாதி முட்டை ஓட்டைக் கழுவி உள்சவ்வை உரித்துவிடுங்கள். உள்ளே பிளாஸ்டர் நிரப்பி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஒரு டம்ளர் வெள்ளை வினிகரில் போடுங்கள். குமிழி வரும், ஓடு கரையும், ஒன்றிரண்டு நாளில் உள்ளே நிரப்பிய பிளாஸ்டர் மட்டும் நிற்கும். இதுதான் உள்அச்சு. அடுத்து மெல்லிய நத்தை ஓட்டில் இதையே செய்தால், வெளியே இருந்த வரி எதுவும் உள்அச்சில் தெரியாததைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். உங்கள் ஊர்க் கற்களில் பல சிப்பிகள் வழவழவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். அவை ஓடே இல்லை, ஓட்டுக்குள் நிரம்பிய மண்.

அளவில் ஏமாறாதீர்கள். 5 விழுக்காடு வினிகர் 100 மில்லி முழுதாக வேலை செய்தாலும் 4 கிராம் ஓட்டைத்தான் கரைக்கும். தடித்த கடல் மட்டியைப் போட்டுவிட்டு "கரையவே இல்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே வினிகர்தான் தீர்ந்துபோயிருக்கும். குமிழி நின்றதும் ஊற்றிவிட்டு புதிதாக மாற்றுங்கள்.

பிளாஸ்டர் கணக்கு: ஐந்து பேருக்கு ஒரு குழு, ஆக 9 குழு. குழுவுக்கு 150 கிராம் தூள், 100 மில்லி தண்ணீர். ஒன்றரைக் கிலோ வாங்கினால் சிந்தினதும் சேர்த்துப் போதும். முதலில் தண்ணீர், அதன்மேல் தூளைத் தூவ வேண்டும். தூள்மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, ஒரு நிமிடம் மெதுவாகக் கிளறி, அச்சின் ஒரு ஓரத்திலிருந்து ஊற்றி, அடியில் பத்து முறை தட்டினால் குமிழி மேலே வந்துவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்:

பழைய பிளாஸ்டர் ஒட்டிய கிண்ணத்தில் கலக்கினால் கை எடுப்பதற்குள் இறுகிவிடும். காய்ந்த துணுக்குகள்தான் இறுகலைத் தொடங்கிவைக்கும். உப்புத் தண்ணீரும் இதையே செய்யும். திறந்து வைத்த பாக்கெட் ஈரம் வாங்கியிருந்தால் வார்ப்பு மாவாக உதிரும். மட்டியைப் பாதிக்கு மேல் அழுத்தினால் எடுக்கும்போது களிமண் விளிம்பு கிழியும். மட்டியில் மெல்லிசாக வேஸ்லின் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து, வரிகளை நிரப்பிவிடும்.

முக்கியமானது: இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். பெரிய கட்டியாக இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடு ஏறும். "கை அச்சு எடுக்கலாம்" என்று எவனாவது கையை உள்ளே விடுவான், விடக் கூடாது. மீதியைக் கழுவுத்தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே தொல்லுயிர் எச்சம் உருவாகிவிடும்.

இறுக 15 நிமிடம், பிரித்தெடுக்க இன்னும் அரைமணி. ஒரு பீரியடில் முடியாது. முதல் நாள் ஊற்றி, மறுநாள் பிரியுங்கள்.

#3 கல்மரம்

கிளிஞ்சல் சொன்னது ஓட்டுக்கு. மரத்துக்கும் எலும்புக்கும் வேறு சோதனை வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை 2 × 2 × 5 செ.மீ. துண்டாக வெட்டுங்கள். 100 மில்லி வெந்நீரில் 100 கிராம் பேதி உப்பைக் கரையுங்கள். மருந்துக்கடையில் வாங்குவதைவிட உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று கேட்டால் மலிவு. ஸ்பாஞ்சை டம்ளரில் மணலுக்குள் புதைத்து, கரைசலை மணல் நனையும்வரை ஊற்றி, வெயிலில் வையுங்கள். நாலைந்து நாளில் ஸ்பாஞ்ச் கல் மாதிரி ஆகும். உடைத்தால் துளைகளுக்குள் படிகம் தெரியும், ஸ்பாஞ்ச் இழையும் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் செய்யாதீர்கள், பத்து நாள் ஆனாலும் நசநசவென்றே இருக்கும்.

இது துளை நிரம்புதல். இழையே போய் அந்த இடத்தில் கனிமம் உட்கார்ந்தால் அது பதிலீடு. இரண்டையும் பிள்ளைகள் குழப்புவார்கள், ஆசிரியர்களும்தான். இந்த மாதிரியின் குறையையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: பேதி உப்பு தண்ணீரில் திரும்பக் கரையும், கல்மரத்தில் இருக்கும் சிலிக்கா அப்படிக் கரையாது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரங்களையும் இதோடு சேர்க்கலாம். அங்கே கிடப்பவை அடிமரத் துண்டுகள். வேரும் கிளையும் சேர்ந்த முழு மரம் கிடைப்பதில்லை. அதனால் அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். முடிவை நீங்கள் சொல்லாதீர்கள். "வேர் எங்கே, கிளை எங்கே?" என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள், பதில் தானாக வரும்.

#4 காரைமண்

உங்கள் பள்ளி இருக்கும் இடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம், 18 மீட்டர். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. அது கிடப்பது கடல் படிவுப் பாறையில், அதே பாறைத் தொகுதியில் அம்மோனைட்டும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்) கடல் சிப்பியும் இருக்கின்றன. கடலுக்குள் மரம் எப்படி வந்தது? பிள்ளைகள் சொல்லும் விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது உண்மையென்றால் வேறு என்ன கிடைக்கவேண்டும்?" என்று ஒரு கட்டம் போடுங்கள். கடல் வற்றிக் காடு வந்ததென்றால் அந்த இடத்திலேயே வேரும் பழைய மண்ணும் தெரியவேண்டும். ஆறு அடித்துக்கொண்டு வந்ததென்றால் மரத்தோடு கடல் உயிர்கள் கலந்து கிடக்கவேண்டும், மூழ்குமுன் மிதந்த மரத்தில் கடல் துளைப்பான்கள் குடைந்த துளைகூட இருக்கலாம். ஒரு பீரியட் போவதே தெரியாது.

பாறை வரிசையைப் பலர் மனப்பாடம் செய்யவைக்கிறார்கள்: ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர், நின்னியூர், கீழிருந்து மேலாக. மனப்பாடம் வேண்டாம். நாலு அட்டைப்பெட்டி அடுக்கி, ஒவ்வொன்றிலும் எது இருக்கும், எது இருக்காது என்று போடுங்கள். கீழே மூன்றில் அம்மோனைட் உண்டு. மேலே நின்னியூரில் இல்லை, ஆனால் அதன் ஒன்றுவிட்ட சொந்தமான நாட்டிலாய்டு இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவு அந்த இரண்டு பெட்டிக்கு நடுவில்தான். டைனோசர் படத்தைவிட இது கெட்டியான சான்று, அதுவும் பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்தில்.

இரண்டையும் பிரிக்கும் அடையாளம்: உள்அச்சின் மேல், ஓட்டின் உள்ளறைகளைப் பிரித்த சுவர் தொட்ட கோடு தெரியும். நாட்டிலாய்டில் அது லேசாக வளைந்த எளிய கோடு. அம்மோனைட்டில் வெற்றிலைக் கொடி மாதிரி மடிப்பு மடிப்பாக ஓடும். ஓடு முழுதாக ஒட்டியிருந்தால் கோடு தெரியாது, அப்போது அடம்பிடித்துப் பெயர் வைக்காதீர்கள்.

#5 அலமாரிச்சாவி

அந்த சாக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. சிறு அருங்காட்சியகங்களில் அடிக்கடி பார்க்கும் நோய் அது.

இடக்குறிப்பு இல்லாத எச்சம் சான்றாகாது, அழகான கல், அவ்வளவுதான். ஆனால் தூக்கிப் போடவேண்டாம். கொண்டுவந்தவர்கள் ஊரிலேயே இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள்: எந்த ஏரி, எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழத்தில். கிடைத்த பதிலை "கொடுத்தவர் சொன்னது" என்று தனியாகக் குறியுங்கள், உறுதியான இடக்குறிப்பு மாதிரி எழுதாதீர்கள். மீதியைத் தொட்டுப் பார்க்கும் மேசைக்கு ஒதுக்குங்கள். அமிலச் சோதனைக்கும் கீறல் சோதனைக்கும் இதுதான் சரியான சரக்கு. சிப்பியின் கால்சைட்டை (சுண்ணாம்புக் கனிமம்) இரும்பு ஆணி கீறும். சிலிக்கா ஏறிய மரத்தை ஆணியால் ஒன்றும் செய்யமுடியாது, மரமே கண்ணாடியைக் கீறும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சிப்பி பொங்கும், மரம் சும்மா இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆசிரியர் கையால், உடைந்த துண்டில் மட்டும்.

எண் போடும் முறை: கல்லின் முக்கியமில்லாத பக்கத்தில் நகத்தளவு இடம் தேர்ந்து, பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து (100 மில்லிக்கு 20 கிராம்) ஒரு பூச்சு. காய்ந்ததும் நிறமி மையால் எண். அதன்மேல் இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் அழித்துவிடலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு வேண்டாம், மஞ்சளாகி உரியும். ஒட்டுச்சீட்டின் பசை நம் ஊர் வெக்கையில் இளகி எண்ணோடு விழும். விழுந்த சீட்டை யாரோ நல்லெண்ணத்தில் வேறு கல்லில் ஒட்டிவைப்பார்கள், அது அதைவிட மோசம்.

உடைந்ததை சூப்பர் பசையால் ஒட்டுவதும், பளபளப்புக்காகக் கல்மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். இரண்டையும் பின்னால் எடுப்பது பெரும்பாடு.

ஈரப்பதம்: பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கும் மாதிரிகள் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈரக் காற்றில் ஆக்சிகரணமாகி, வெள்ளை மஞ்சள் தூள் பூத்து, கந்தக நெடி வீசும். உருவாகும் கந்தக அமிலம் பக்கத்திலுள்ள சீட்டையும் தின்னும். கடலோர மாவட்டங்களில் பாதி வருடம் ஈரப்பதம் 70-க்கு மேல்தான். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே மலிவான வழி. 10 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் போடலாம், நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்தித் திரும்பப் போடலாம். பிளைவுட் அலமாரியும் ஆபத்து, மரமும் பசையும் விடும் அமில ஆவி சுண்ணாம்பு ஓடுகளை அரிக்கும். இரும்பு அலமாரி நல்லது.

#6 நூலிழை

காலத்தைக் காட்ட ஒரு யோசனை. டாய்லெட் பேப்பரில் கோடு போடச் சொல்வார்கள். நம் ஊரில் அது பாதிப்பேர் வீட்டில் இருக்காது. புடவை எல்லார் வீட்டிலும் இருக்கும்.

1 செ.மீ. என்றால் 10 லட்சம் ஆண்டு. பூமியின் வயது 460 கோடி, அதாவது 46 மீட்டர். ஐந்தரை மீட்டர் புடவை எட்டு, அதற்குமேல் இன்னும் 2 மீட்டர். பள்ளி வராந்தாவில் வரிசையாகப் பிடித்து நிற்கவேண்டும். கடைசிப் புடவையின் முந்தானை ஓரம் இன்று. அந்த ஒரே புடவைக்குள் கேம்பிரியன் தொடக்கத்திலிருந்து (5.39 மீ.) எல்லாம் அடங்கிவிடும். நாம் எச்சம் என்று காட்சியில் வைப்பதில் அநேகமாக எல்லாமே இதற்குள்தான். முதல் டைனோசர்கள் 2.3 மீ., அம்மோனைட் முடிந்தது 66 செ.மீ., அதாவது முந்தானைக்குள். திருவக்கரை மரம் 20 செ.மீ. மனித இனம் 3 மி.மீ. கீழடியின் 2,600 ஆண்டு 0.026 மி.மீ., தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

மீதி ஏழு புடவைக்கும் மேலே வெறுமையாகத் தெரியும். "அங்கே ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்பார்கள். இருந்தன, பெரும்பாலும் நுண்ணுயிர்கள்.

குண்டூசி குத்தாதீர்கள், துணி உலர்த்தும் கிளிப் போதும். பட்டுப்புடவை கொண்டுவரச் சொல்லாதீர்கள்!

#7 ஐந்தாம்பீரியட்

புடவை அருமை. இதில் ஒரு பையன் கட்டாயம் கேட்பான்: "கார்பன் டேட்டிங் வச்சுதானே டைனோசர் வயசு சொல்றாங்க?" இதற்குச் சுருக்கமான பதில் இருக்கிறதா?

#8 காரைமண்

இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். கார்பன்-14 அரை ஆயுள் 5,730 ஆண்டு. 50,000 ஆண்டு என்றால் ஒன்பது அரை ஆயுள் கூட ஆகவில்லை, அதற்குள் நானூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குமேல் அளப்பது கடினம். 6.6 கோடி ஆண்டு என்றால் சுமார் 11,500 அரை ஆயுள்.

வகுப்பில் காட்ட: தாயம் ஆட உரைப்பது மாதிரி புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் உரையுங்கள். குழுவுக்கு 64. குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்ததை எடுத்துவிடுங்கள். மீதியை எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்பப் போடுங்கள். ஆறேழு வீச்சில் கை காலியாகிவிடும். பிறகு "11,500 தடவை போட்டால்?" என்று கேளுங்கள். சோழி வைத்துச் செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் சமமாக விழாது. புளியங்கொட்டையும் அதிகமாக உரைத்தால் சாயும், 100 தடவை போட்டு 45-க்கும் 55-க்கும் நடுவில் வெள்ளை வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் அரியலூர் பாறைக்கு வயது எப்படி? எந்த அம்மோனைட், எந்த நுண்ணுயிர் ஓடு எந்த அடுக்கில் என்று பார்த்து, அதே இனங்கள் கிடைக்கும் வேறு நாட்டுப் பாறைகளோடு பொருத்துகிறார்கள். அங்கே எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் யுரேனியம், ஆர்கான் முறையில் ஆண்டுக்கணக்கு கிடைக்கும். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்தப் பகுதி ஓடுகளை வரைந்து விவரித்து வைத்ததால்தான் அந்த ஒப்பீடு இன்றும் நடக்கிறது.

#9 தோண்டிப்பார்

மணல்பெட்டியைத் தோண்டும் விளையாட்டை யாரும் சொல்லவில்லையே? பிள்ளைகளுக்கு அதுதான் உயிர்.

#10 அலமாரிச்சாவி

அந்த விளையாட்டு பெரும்பாலும் கொள்ளையடிக்கத்தான் பழக்குகிறது. பிரஷ்ஷை எடு, கிளறு, "எனக்குக் கெடச்சிருச்சு!" அடுக்கும் போச்சு, இடமும் போச்சு. ரப்பர் டைனோசரைப் புதைத்து வைப்பது இன்னும் மோசம், எலும்புக்கூடு முழுதாக, தலைகால் ஒழுங்காகப் படுத்திருக்கும் என்ற எண்ணம் ஏறிவிடும்.

#11 கிளிஞ்சல்

அலமாரிச்சாவி சொல்வது சரி, ஆனால் பெட்டியைத் திருத்தலாம். 60 × 40 செ.மீ. டப். அடியில் களிமண் கலந்த மணல், நடுவே ஆற்றுமணல், மேலே செம்மண், ஒவ்வொன்றும் 5 செ.மீ. நூல் கட்டி 10 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் 24 கட்டம். அடி அடுக்கில் அம்மோனைட் வார்ப்பு, நடுவில் மட்டி, மேலே நத்தை. கோழி எலும்புகளைப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போடுங்கள், இரண்டு மூன்றை வைக்கவே வேண்டாம்.

விதி: எடுக்குமுன் கட்ட எண், அடுக்கு, ஆழம், எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதை வரைந்தாகவேண்டும். வரையாமல் எடுத்த பொருள் மதிப்பெண்ணில் சேராது. அதோடு குழுவுக்கு ஒரு பொருளைக் கையில் கொடுத்து "இது எந்த அடுக்கு?" என்று கேளுங்கள். சொல்லமுடியாது. டீச்சரின் சாக்கு ஏன் சாக்காகவே நிற்கிறது என்று அப்போது புரியும்.

கோழி எலும்பு: சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்துச் சதையை எடுத்து, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் ஊறவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் எலும்பு செதில் செதிலாக உதிரும். கொழுப்பு சரியாகப் போகாவிட்டால் ஒரு வாரத்தில் எறும்பும் நாற்றமும். மணல் லேசாக ஈரமாக இருந்தால் அடுக்கு நிற்கும், தூசியும் பறக்காது.

#12 கல்மரம்

இதோடு பிளாஸ்டர் உறை கட்டுவதையும் சேர்த்துவிடுங்கள், எலும்பைக் களத்திலிருந்து எடுக்கும் முறை அதுதான். எலும்பைச் சுற்றி மண்ணைக் குறைத்து மேடையாக விடவேண்டும். ஈரமான செய்தித்தாள் இரண்டு மடிப்பு போர்த்தி, கோணிச்சாக்குப் பட்டைகளைப் பிளாஸ்டரில் தோய்த்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று நாலு சுற்று. இறுகியபின் அடியைக் குடைந்து புரட்டுவது. தாளை மறந்தால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அடியைப் போதுமான அளவு குடையாமல் புரட்டினால் எலும்பு மண்ணிலேயே நின்று, வெறும் மூடி கையோடு வரும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால் அரியலூரிலேயே பதில் இருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களின் கடைசியில் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசராகப் பெயரிட்டு வெளியிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள சாரோபாட் என்று மாறியது, சிலர் கல்மரமோ என்றுகூட சந்தேகப்பட்டார்கள். எலும்புகள் உதிர்ந்துபோய்விட்டன. மிஞ்சியது சில அளவுகளும் கோட்டோவியங்களும் பின்னாளில் வெளியான சில புகைப்படங்களும். "உலகிலேயே பெரியது தமிழ்நாட்டில்" என்று பகிரப்படும் படங்களைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அதை மறுத்து உட்காரவைக்க வேண்டாம். "எலும்பு இப்போது எங்கே? இல்லாத எலும்பை எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேளுங்கள்.

#13 தோண்டிப்பார்

டைனோசர் முட்டையும் அப்படித்தானே? 2020-இல் குன்னம் பக்கம் ஏரியில் முட்டை கிடைத்தது என்று வாட்ஸப்பில் சுற்றியது.

#14 காரைமண்

அவை உருண்டைக் கற்கள், அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்டவை என்று வல்லுநர்கள் அப்போதே சொன்னார்கள். இது ஒரு நல்ல பயிற்சித்தாள். இரண்டு பத்தி வரைந்து கேளுங்கள். முட்டை என்றால்: வெளியே சில மில்லிமீட்டரில் தனி ஓட்டு அடுக்கு, மேலே சொரசொரப்பு, உருப்பெருக்கியில் மூச்சுத் துளை, ஒரே கூட்டில் உள்ளவை ஏறக்குறைய ஒரே அளவு. உருண்டைக்கல் என்றால்: எலுமிச்சை அளவிலிருந்து பூசணி அளவுவரை கலந்து கிடக்கும், உடைந்தால் வெங்காயம் மாதிரி அடுக்கு அல்லது நடுவில் ஒரு ஓடு. சுற்றியிருக்கும் பாறை கடல் படிவா நிலப் படிவா என்பதும் முக்கியம். கல்லமேடு நிலப் படிவு, அங்கே டைனோசர் எலும்பு வந்ததில் வியப்பில்லை.

உருண்டைக்குள் அம்மோனைட் என்றதும் நினைவுக்கு வருவது சாளக்கிராமம். பூஜையறையில் இருக்கும் கறுப்பு நிறக் கல் உருண்டை, உள்ளே சக்கரம். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் ஜுராசிக் அம்மோனைட். "அது சும்மா ஃபாஸில்தான்" என்று வகுப்பில் பேசிவிட்டால் மறுநாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லாதீர்கள். படம் போதும். சுருளையும் வரியையும் அரியலூர் அம்மோனைட்டோடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

#15 ஐந்தாம்பீரியட்

காட்சிக்கூடத்துக்கு வார்ப்பு வைக்கலாமா? "இது நிஜமா டூப்பா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டூப் என்றால் முகம் வாடிவிடுகிறது. காரைக்கு (பெரம்பலூர் மாவட்டத்தில் எச்சங்கள் கிடைக்கும் களிமண் நிலம்) ஒரு நாள் கூட்டிப்போகவும் நினைக்கிறேன்.

#16 அலமாரிச்சாவி

வார்ப்பு வைக்கலாம், மறைக்கக்கூடாது. சீட்டில் வட்டம் போடுங்கள்: பச்சை அசல், நீலம் வார்ப்பு, பாதிப்பாதி என்றால் இரண்டும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கும் பராபசாரஸ் என்ற டைனோசர் நல்ல உதாரணம். கோதாவரிப் படுகையில் 1960-களின் தொடக்கத்தில் தோண்டியது. குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்தன. பற்கள் கிடைத்தன, மண்டையோடு கிடைக்கவில்லை. ஆக நிற்கும் உருவத்தில் தலை கற்பனை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் "அப்போ தலை எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். முகம் வாடாது.

சீட்டு எழுதுவதில் பெரும்பாலோர் பெயர், வயது, இடம் என்று பதிவேட்டை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். படிப்பவன் கல்லைப் பார்ப்பதே இல்லை. முதல் வரி கண்ணை இழுத்துக் கல்லில் வைக்கவேண்டும்:

"ஓரத்தில் வட்டமான சின்னத் துளை தெரிகிறதா? இந்தச் சிப்பியைத் தின்ற நத்தை போட்டது அது. சிப்பி வாழ்ந்த கடல் இப்போது கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்."

அப்படித் துளை உங்கள் சிப்பியில் நிஜமாக இருந்தால்தான் அப்படி எழுதவேண்டும், இல்லாததை எழுதாதீர்கள். 40 சொல்லைத் தாண்டாதீர்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல். சீட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில்.

வெளிச்சம்: மேலே டியூப்லைட் மட்டும் இருந்தால் இலை அச்சு, பூச்சித்தடம் எதுவுமே தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கு, கல் தளத்துக்கு 15 முதல் 30 பாகை. வகுப்பிலும் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள், தட்டையாகத் தெரிந்த கல்லில் நரம்பு எழுந்து நிற்கும். பைசா செலவில்லை.

தொடும் மேசையில் கனமான சிப்பி, கல்மரத் துண்டு போதும். முத்துப்பளபளப்பு ஓட்டோடு இருக்கும் அம்மோனைட்டை வைக்காதீர்கள், ஒரு பருவத்தில் வியர்வையும் விரல்நகமும் அதை உரித்துவிடும்.

#17 காரைமண்

களப்பயணம்: மார்கழி, தை. காலை 7-க்குத் தொடங்கி 10-க்குள் முடியுங்கள். நிழல் கிடையாது, ஓடைகளின் ஓரம் சரியும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். இறங்கியதும் மூன்று பொருள் கையில் வரும். கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுவது ஜிப்சம், எச்சம் இல்லை, பாதிப்பேர் அதைத்தான் பொறுக்குவார்கள். துப்பாக்கி ரவை மாதிரி இருப்பது பெலம்னைட், கணவாயின் பழங்காலச் சொந்தத்தின் உடலுக்குள் இருந்த பாகம். மூன்றாவது ஆட்டுப் புழுக்கை.

சாத்தனூரும் திருவக்கரையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள், ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. சுண்ணாம்புச் சுரங்கம் என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. மற்ற இடத்திலும் பொறுக்கவிடாதீர்கள். 45 பேர் ஆளுக்கு ஐந்து என்றால் ஒரு பயணத்தில் 225, அதில் முக்கால்வாசி வீட்டுத் திண்ணையில் எண்ணில்லாமல் கிடக்கும். அளவுகோல் வைத்துப் படம், செல்போனில் இடக்குறிப்பு, அடுக்கின் கோட்டோவியம், இவை போதும்.

ஒரு கைப்பிடி காரைக் களிமண்ணை மட்டும் எடுங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு தண்ணீரில் போட்டால் தானே பிரியும், ஈரமாகவே போட்டால் மணிக்கணக்கில் கரையாது. உரசாமல் மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தாளில் பரப்பி, 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகள் கிடைத்தால் வகுப்பு முழுக்கத் தேடல்தான். சல்லடையை ஒரு மாதிரிக்கும் அடுத்ததுக்கும் நடுவே தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் வேறு இடத்து ஓடு ஒட்டிக்கொண்டு வரும்.

#18 ஐந்தாம்பீரியட்

சாக்கு கொடுத்தவர்களில் மூன்று பேர் ஊரிலேயே இருக்கிறார்கள், இந்த வாரம் பிள்ளைகளையே குறிப்பேட்டோடு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று. 9 குழுவுக்கு 576 புளியங்கொட்டை உரைத்து அடுத்த வருடத்துக்கும் வைக்கலாம் என்று பார்க்கிறேன். வண்டு விழுமே, வறுத்து வைக்கட்டுமா?

#19 நூலிழை

வறுத்தால் தோல் உரிந்து இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிடும், அப்புறம் முதல் வீச்சிலேயே எல்லாக் கார்பனும் காலி. உரைக்கும் முன்பே இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். அலமாரிச்சாவி சொன்ன சிலிக்கா ஜெல்லில் ஒரு கரண்டி இதற்கும் ஒதுக்குங்கள்.